யாழ்ப்பாணத்துக் கத்தோலிக்க ஆலய வழிபாட்டில் ஆடல்

யாழ்ப்பாணக் குடாநாட்டிலே கத்தோலிக்க ஆலயத் திருவிழாவொன்றுக்குச் சென்றோர் பின்வரும் காட்சியைக் கண்டிருத்தல் கூடும். திருப்பலியின் நடுவே, அப்பமும் இரசமும் காணிக்கையாகப் பீடத்துக்குக் கொண்டுசெல்லப்படும் வேளையிலே, சிறுமியர் அறுவரோ எண்மரோ பரதநாட்டிய உடையணிந்து, காலிற் சதங்கை கட்டி, கையில் மலர்த்தட்டும் தீபமும் ஏந்தி, தலைவாயிலிலிருந்து நடுவழியே தாளத்துக்கு அடிபெயர்த்துப் பீடத்தை நோக்கி வருவர். அவர்களுக்கு அவ்வடவுகளைக் கற்பித்த ஆசிரியை சைவராயிருப்பதுண்டு. ஆடுவோருள்ளும் சைவப் பிள்ளைகள் சிலர் இருப்பதுண்டு. "எங்கள் பிள்ளை வேதக்கோவிலில் ஆடலாமோ?" என்று சைவப் பெற்றோர் சிலர் என்னை வினவியுள்ளனர். "சதிராட்டம் எங்கள் பூசைக்குள் எப்படி வந்தது?" என்று கத்தோலிக்க முதியவர் ஒருவர் வினவியதும் உண்டு. இவ்விரு வினாக்களும் வேறுவேறு வாயிலிலிருந்து எழுந்தவையாயினும் ஒன்றையே தொடுவன. கால்நூற்றாண்டுக்குள்ளும் அரைநூற்றாண்டுக்குள்ளும் முளைத்த புதுமை இது எனச் சொல்லிவிடுதல் எளிது. ஆயின் யாழ்ப்பாணத்துக் கத்தோலிக்கர் தம் கோவிலை ஒட்டி ஆடிய வரலாறு மிகப் பழையது. அவர் பழைய நாளில் ஆடிய ஆடல் வேறு, இன்று பீடத்தின் முன் நிகழும் ஆடல் வேறு என்பதே ஈண்டு ஆராயத்தக்க செய்தி.

முதற்கண் ஒரு வேறுபாட்டை மனத்திருத்தல் வேண்டும். கோவில் முன்றிலில், பூசை முடிந்தபின், மக்கள் கண்டு களிப்பதற்காக நிகழ்வது ஒன்று. பூசையின் ஓர் உறுப்பாகவே நிகழ்வது மற்றொன்று. முன்னதைக் கூத்து அல்லது நாடகம் என்போம். பின்னதே வழிபாட்டு ஆடல் எனப்படும். இவ்விரண்டுக்கும் இடையே ஆலயத்தின் வாயிற்படி கிடக்கின்றது. அப்படியை ஆடல் தாண்டிய கதையே இக்கட்டுரையின் பொருள்.

கிறித்தவ மரபிலே ஆடலுக்கு ஆதாரம் இல்லாமலில்லை. உடன்படிக்கைப் பெட்டகம் எருசலேமுக்கு எழுந்தருளியபோது தாவீது அரசன் அதன் முன்னே தன் முழு வலிமையோடும் ஆடினான் எனச் சாமுவேலின் இரண்டாம் ஆகமம் கூறும். அவ்வாட்டத்தைப் பலகணி வழியே கண்டு, சவுலின் மகளாகிய அவன் தேவி மனத்துள் இகழ்ந்தாள் என்ற செய்தியும் அங்கேயே உளது. அரசன் ஆடுதல் அவன் மதிப்புக்குத் தகுமோ என்பது அவள் ஐயம். ஆடலைப் பற்றிய இந்த இரு மனப்பான்மைகளும் அன்று தொட்டுத் திருச்சபையிலே அருகருகே நடந்து வந்துள்ளன. சங்கீதங்களுள் 149 ஆவதும் 150 ஆவதும் ஆடலால் இறைவனைப் புகழுமாறு ஏவுகின்றன. 589 ஆம் ஆண்டிலே தொலேதோவிற் கூடிய மூன்றாம் சங்கமோ புனிதர் திருநாட்களில் ஆலயங்களில் ஆடுதலைத் தடுத்தது. அதே இசுப்பானிய தேசத்திலேதான், செவில் நகரத் தலைமையாலயத்திலே, சிறுவர் குழுவொன்று நற்கருணைப் பெருவிழாவிலும் மாதாவின் அமலோற்பவத் திருநாளிலும் பீடத்தின் முன்னே ஆடும் வழக்கம் பல நூற்றாண்டுகளாக நிலைத்து இன்றும் நடைபெறுகின்றது. விலக்கும் விதியும் ஒரே நாட்டில் வாழ்ந்தமை வியப்பன்று. விலக்கப்பட்டது எங்கும் வழக்கிலிருந்ததே அன்றோ?

இனி யாழ்ப்பாணத்துக்கு வருவோம். 1619 இலே யாழ்ப்பாண அரசு போர்த்துக்கேயர் கைப்பட்டது. 1658 இல் ஒல்லாந்தர் கோட்டையைக் கைப்பற்றினர். நாற்பதாண்டு கூட நிரம்பாத போர்த்துக்கேயர் ஆட்சியிலே ஊர்தோறும் ஆலயங்கள் எழுந்தன. பலர் திருமுழுக்குப் பெற்றனர். ஒல்லாந்தர் வந்தவுடன் அவ்வாலயங்கள் சீர்திருத்தச் சபைக்குரியனவாயின. கத்தோலிக்கக் குருவுக்கு இடங்கொடுத்தல் மரணதண்டனைக்குரிய குற்றமாக்கப்பட்டது. குருவும் பூசையும் இன்றி ஏறக்குறைய முப்பதாண்டு கழிந்தபின், 1687 இலே கோவையிலிருந்து, அதாவது மேலைக் கடற்கரைக் கோவா நாட்டிலிருந்து, யோசேப்பு வாஸ் சுவாமியார் கூலியாள் வேடத்திலே இங்கு வந்தார். சில்லாலை ஊரவர் அவருக்குப் புகலிடம் அளித்தனர். பின்பு கண்டி இராச்சியத்துக்குச் சென்று 1711 இல் அங்கேயே உயிர்நீத்த அவரை 2015 இலே பாப்பரசர் பிரான்சிசு கொழும்பில் வைத்துப் புனிதராக உயர்த்தியமை யாவரும் அறிந்ததே.

குருவில்லாத அம்முப்பதாண்டு நம் பொருளுக்கு இன்றியமையாதது என்பது என் கருத்து. பூசையில்லாத சமயம் எதனால் உயிர்தரிக்கும்? வீட்டிற் சொல்லும் செபத்தாலும், கூட்டமாய்ப் பாடும் பாட்டாலும், புனிதர் கதையைச் சொல்லியும் நடித்தும் காட்டுவதாலுமே. வாஸ் சுவாமியாருக்குப்பின் 1705 இல் இலங்கை வந்த யாக்கோமே கொன்சால்வெஸ் சுவாமியார் இதனை நன்குணர்ந்தவர். தமிழிலும் சிங்களத்திலும் நூல்கள் இயற்றிய அவர், கிறித்துநாதருடைய பாடுகளைப் பொருளாக்கி எழுதிய வியாகுலப் பிரசங்கம் தவக்காலத்திலே ஓதும் இராகத்தோடு நம் ஊர்களில் வாசிக்கப்பட்டு வந்தது. அது ஆடலன்று, எனினும் வெறும் வாசிப்புமன்று. கேட்போர் அழுது நெஞ்சிலறைந்துகொள்ளும்படி உடலையும் வழிபாட்டுக்குள் ஈர்த்த ஒரு முறை அது.

கூத்து எப்பொழுது கத்தோலிக்கர் கைக்கு வந்தது? நாடகங்களின் பெயர்களே ஒரு சான்று தருகின்றன. எண்டிறீக்கு எம்பரதோர் நாடகம் என்பதில் வரும் எம்பரதோர் பேரரசன் எனப் பொருள்படும் போர்த்துக்கேயச் சொல்; எண்டிறீக்கு என்பதும் என்றிக்கே என்னும் அவர்தம் பெயரே. சந்தியோகுமையோர் என்பது பெரிய யாகப்பருக்கு அவர்கள் வழங்கிய பெயரின் தமிழ் வடிவம். சஞ்சுவாம் என்பது அருளப்பரைக் குறிக்கும் அவர்தம் சொல்லின் திரிபு. ஒல்லாந்தர் ஆண்ட நூற்றாண்டு முழுவதும், அவர்க்குப்பின் ஆங்கிலேயர் ஆண்ட காலத்தும் இப்பெயர்கள் மாறாது நின்றன. இன்று நமக்குக் கிடைக்கும் ஏடுகள் எக்காலத்தனவாயினும், இக்கதைகளை மக்கள் தம் நினைவிலே போற்றிவந்த பழமை அப்பெயர்களிற் பதிந்துள்ளது. மூவிராசாக்கள், ஞானசௌந்தரி, எஸ்தாக்கியார், தேவசகாயம்பிள்ளை முதலிய நாடகங்களும் இவ்வரிசையிலே வைத்தெண்ணப்படும். இவற்றுள் எதுவும் கிறித்துநாதரையே நாயகராகக் கொண்டு ஆடப்படுவதன்று என்பது நோக்கத்தக்கது. அரசரும் புனிதரும் மறைச்சாட்சிகளுமே கூத்தின் மாந்தர். இறைவன் திருவுருவை மனிதன் தாங்கி நடித்தல் தகாது என்னும் அச்சம் அந்நாளிலே வலுவாயிருந்தது எனக் கொள்ளலாம். மன்னார்ப் பேசாலையிலே பாடுகளின் காட்சியைச் சுருவங்களை இயக்கிக் காட்டும் உடக்குப் பாஸ் என்னும் வழக்கமும் இவ்வச்சத்தோடு பொருந்துவதே. அங்கே மரத்தாலான உருவம் ஆடும். மனிதர் மறைவில் நிற்பர்.

கூத்தின் இயல்பைச் சிறிது விரித்துரைத்தல் தகும். குருநகர், பாசையூர், நாவாந்துறை, மாதகல் முதலிய கரையோர ஊர்களிலே, பெரும்பாலும் கடற்றொழிலாளரே இக்கலையைப் போற்றினர். அண்ணாவியார் ஏட்டைக் கையிலே வைத்துப் பல திங்கள் பழக்குவார். பெண்பாத்திரங்களையும் ஆண்களே தாங்குவர். திருவிழாவையொட்டிக் கோவில் முன்றிலில் மேடை எழும். இரவு தொடங்கி விடியும்வரை கூத்து நிகழும். முதலிலே காப்புப் பாடித் திரித்துவ இறைவனையும் மாதாவையும் ஊர்க்காவற் புனிதரையும் வணங்குவர். சைவக் கூத்திலே விநாயகர் நிற்கும் இடத்தில் இங்குப் புனிதர் நிற்பார், அவ்வளவே வேறுபாடு. கட்டியகாரன் வருவான், அரசன் தன் வரவுப்பாட்டோடு கொலுவுக்கு வருவான், மத்தளமும் தாளமும் ஒலிக்கும், அண்ணாவியாரும் பிற்பாட்டுக்காரரும் ஏந்திப் பாடுவர். ஆடுவோர் இதனைக் கேளிக்கையெனக் கொண்டாரல்லர். நேர்த்திக்கடனாகவும் நடித்தனர். கடலிற் போய் மீண்டவன், நோய் தீர்ந்தவன், தன் புனிதருடைய கதையிலே ஒரு பாகம் எடுத்து ஆடுவான். இவ்வகையிலே அவர்கள் ஆடிய ஆட்டம், பூசையின் உறுப்பன்றாயினும், வழிபாடேயாம்.

கூத்து மரபினை வடமோடி, தென்மோடி எனப் பகுப்பர். மன்னாரிலே மாதோட்டப்பாங்கு, யாழ்ப்பாணப்பாங்கு என்ற பகுப்பும், ஓரிரவுக்குள் அடங்கும் வாசகப்பா என்ற சுருங்கிய வடிவமும் உள. யாழ்ப்பாணத்துக் கத்தோலிக்கர் பயின்றது பெரும்பாலும் தென்மோடி சார்ந்ததே. இங்கே நாம் ஒரு புதுமையைக் காண்கிறோம். மட்டக்களப்பிலே கூத்து என்றால் ஆட்டமே தலையாயது. கால் ஓயாது சுழலும். யாழ்ப்பாணத்துக் கத்தோலிக்கக் கூத்திலோ ஆட்டம் படிப்படியாக அருகிப் பாட்டே மேலோங்கிற்று. வரவின்போது சில அடிகள், போரின்போது சில சுழற்சிகள், மற்றப்படி நின்று பாடுதலே பெரும்பான்மை. இதற்குக் காரணம் யாது? பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியிலே தமிழ்நாட்டிலிருந்து வந்த இசைநாடகக் குழுவினரின் செல்வாக்கு ஒன்று. வட்டக்களரி கைவிடப்பட்டு, ஒருபுறம் திரையும் மறுபுறம் மக்களும் அமைந்த உயர்மேடை வந்தமை மற்றொன்று. நாற்புறமும் மக்கள் சூழ்ந்திருந்தால் ஆடுவோன் சுழன்றாக வேண்டும். ஒருபுறமே மக்கள் இருந்தால் நின்று பாடினாற் போதும். அரங்கின் வடிவம் ஆட்டத்தின் வடிவத்தை மாற்றியது. இம்மாற்றம் நிகழ்ந்தபோது அதனைப் பொருட்படுத்தியோர் இல்லை. அதன் விளைவு பின்னரே தெரியவந்தது.

1847 இலே அமலமரித் தியாகிகள் சபையார் இலங்கைக்கு வந்தனர். யாழ்ப்பாணத் திருச்சபை அவர்கள் கையிலே வளர்ந்து, 1886 இல் மேற்றிராசனமாயிற்று. பெரும்பாலும் பிரான்சு தேசத்தினராகிய அக்குருமார் கல்லூரிகளையும் கன்னியர் மடங்களையும் நாட்டினர். இலத்தீன் பூசையும், ஐரோப்பியப் பாடற் குழுவும், ஆர்மோனியமும் ஆலயத்தினுள் நிலைபெற்றன. முன்றிலிலே கூத்து, உள்ளே இலத்தீன். ஒன்றையொன்று தொடாமல் இரண்டும் வாழ்ந்தன. ஆடல் வாயிற்படியைத் தாண்டுதல் அந்நாளில் நினைத்தற்கும் அரியது.

அதே நூற்றாண்டிலே சைவர் பக்கத்திலும் ஆடலின் நிலை உயர்ந்திருக்கவில்லை என்பதை நம்மவர் மறத்தலாகாது. கோவில்களிலே பெரியமேளம் என்பது நாதசுரமும் தவிலும். சின்னமேளம் என்பது ஆடல்மகளிர் சதிர். திருவிழாக்களிலே சின்னமேளம் வைத்தல் பெருமையாகக் கருதப்பட்டது; தமிழ்நாட்டிலிருந்து குழுக்களை அழைப்பித்தலும் உண்டு. ஆறுமுக நாவலர் (1822–1879) இதனைக் கடுமையாகக் கண்டித்தார். கோவிலிலே பொதுமகளிர் ஆடுதலும் வாணவேடிக்கையும் சிவபத்திக்குப் பகை என்பது அவர் துணிபு. கிறித்தவப் பாதிரிமாரோடு சொற்போர் புரிந்த நாவலரும், அப்பாதிரிமாரும், சதிரைப் பொறுத்தவரை ஒரே பக்கம் நின்றனர் என்பது வரலாற்றின் விளையாட்டுக்களுள் ஒன்று. எனவே இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலே, யாழ்ப்பாணத்து மதிப்புள்ள குடும்பத்துப் பெண்ணொருத்தி, சைவளாயினும் கத்தோலிக்களாயினும், நடனம் பயில்வாள் என எவரும் எதிர்பார்த்திலர்.

நிலைமையை மாற்றியது சென்னை. 1936 இலே உருக்மிணி தேவி கலாக்ஷேத்திரத்தை நிறுவினார். சதிர் பரதநாட்டியம் என்னும் பெயரோடு மேடையேறிற்று. அக்கலையை நூற்றாண்டுக்கணக்கிற் காத்துத் தந்த தேவதாசியர் குலமோ அதன் புகழிலே உரிய பங்கு பெறாமல் ஒதுங்கிற்று. 1947 இலே சென்னை மாகாணச் சட்டம் பெண்களைக் கோவிலுக்குப் பொட்டுக்கட்டுதலைத் தடுத்தது. கோவிலிலிருந்து வெளியேறிய ஆடல் பள்ளிக்கூடத்துக்குள் நுழைந்தது. யாழ்ப்பாணத்திலும் அவ்வாறே. வட இலங்கைச் சங்கீத சபையின் தேர்வுகளும், 1960 இலே மருதனார்மடத்தில் எழுந்த இராமநாதன் இசைக்கல்லூரியும் நடனத்தைக் கற்கத்தக்க பாடமாக்கின. அக்கல்லூரி 1975 இலே பல்கலைக்கழகத்தோடு இணைந்தபின், நடனத்திற் பட்டம் பெறுதலும் இயல்வதாயிற்று. கன்னியர் மடப் பாடசாலைகளிலே கத்தோலிக்கப் பெண்பிள்ளைகள் சைவ ஆசிரியையரிடம் தட்டடவும் நாட்டடவும் பயின்றனர். நாவலர் கண்டித்ததும் பாதிரிமார் வெறுத்ததுமாகிய ஆடல், இரு சாராருடைய பிள்ளைகளுக்கும் பொதுச் சொத்தாகிய காலம் அது.

அப்பொழுதுதான் உரோமையிலிருந்து ஒரு கதவு திறந்தது. இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1963 டிசம்பர் 4 இலே வெளியிட்ட திருவழிபாட்டுக் கொள்கைத் திரட்டு, தாய்மொழியிற் பூசை செய்தற்கும், அந்தந்த மக்களின் பண்பாட்டில் மூடநம்பிக்கையோடு பிணையாதவற்றை வழிபாட்டில் ஏற்றற்கும் இடமளித்தது. இலத்தீன் விலகித் தமிழ் வந்தது. குருவானவர் பீடத்தின் அப்பாற் சென்று மக்களை நோக்கி நின்றார். பூசை என்ற சொல்லின் இடத்தைத் திருப்பலி என்ற சொல் மெல்லமெல்லப் பிடித்தது. முதியோர் நாவில் இன்றும் அது பூசையே.

ஆயினும் சங்கம் ஆடலைப் பெயர் சொல்லி அனுமதித்ததில்லை. 1969 இலே இந்திய ஆயர்களுக்கு உரோமை இசைவளித்த பன்னிரு பண்பாட்டு மாற்றங்களுள்ளும் ஆடல் இல்லை. கைகூப்பி வணங்கல், எண்ணெய் விளக்கேற்றல், காணிக்கைப் பகுதியிலே மலரும் ஆரத்தியும் காட்டல் என்பனவே அங்குள்ளன. எனினும், மலரைக் கையிலே கொடுத்து ஆரத்தி எடுக்கச் சொன்னால், தமிழ்ப் பெண்ணின் கால் சும்மா நிற்குமோ? மலர்தூவி வணங்கும் புட்பாஞ்சலி நாட்டியத்தின் தொடக்க உறுப்பன்றோ? ஆடல் ஆலயத்தினுள் நுழைந்தது காணிக்கைப் பவனியின் வழியே என்பதும், அதற்கு வழிகாட்டியது ஆரத்தித் தட்டே என்பதும் என் துணிபு. பல நாட்டு ஆயர்களும் இவ்வினாவை எதிர்நோக்கினர். 1975 இலே உரோமை வழிபாட்டுப் பேராயத்தின் சஞ்சிகையில் வந்த கட்டுரையொன்று, ஆடல் சமய உணர்வின் வெளிப்பாடாக வாழும் பண்பாடுகளில் அது வழிபாட்டுக்கு ஏற்கும் எனவும், அது காமத்தோடும் களியாட்டத்தோடும் சேர்த்தெண்ணப்படும் மேலைநாடுகளில் ஏலாது எனவும் பிரித்துரைத்தது. 1988 இலே ஆபிரிக்காவின் சயீர் நாட்டுக்கு ஏற்கப்பட்ட திருப்பலி முறையிலே பீடத்தைச் சுற்றி ஆடுதலும் இடம்பெற்றது. 1994 இன் போதனை மடலோ, கைகொட்டலும் அசைவும் ஆடலும் சமூகம் முழுவதன் மெய்யான செபமாயிருத்தல் வேண்டும், காட்சிக்குரிய நிகழ்ச்சியாயிருத்தல் ஆகாது என்ற நிபந்தனையை விதித்தது. இந்நிபந்தனையை வாசகர் நினைவில் வைத்துக்கொள்க. அதற்கு மீண்டும் வருவோம்.

தமிழ்நாட்டிலே திருச்சிராப்பள்ளியில் 1977 இலே எழுந்த கலைக்காவிரி, கிறித்தவப் பொருளைப் பரதத்திலே ஆடுதற்குப் பெருந்துணையாயிற்று. மங்களூர்ப் பகுதியைச் சேர்ந்த பிரான்சிசு பார்போசா, குருவாயிருந்த காலத்திலே பரோடாவில் பரதம் பயின்று, சிலுவைக்கும் கிறித்துநாதருக்கும் தூய ஆவிக்கும் ஏற்ற கைமுத்திரைகளை அமைத்தார். இது சிறு செய்தியன்று. வேலுக்கும் சூலத்துக்கும் குழலுக்கும் கையிருந்த கலையிலே சிலுவைக்குக் கையில்லை. சிவனுக்குரிய கையால் வேறொருவரைச் சுட்டினால், நூலறிந்த சைவரும் நகைப்பர். பொருளறிந்த கத்தோலிக்கரும் கூசுவர். புதிய கைகளை ஆக்கியதனால், பொருளைத் திருடாமல் மொழியை மாத்திரம் கடன்கொண்டனர் எனலாம்.

யாழ்ப்பாணத்திலே இத்துறையின் நடுநாயகமாய் விளங்குவது திருமறைக் கலாமன்றம். 1965 இலே நீ. மரியசேவியர் அடிகளார் அதனை நிறுவினார். தவக்காலந்தோறும் பெருந்தொகையான நடிகரோடு திருப்பாடுகளின் காட்சியை மேடையேற்றியது அம்மன்றத்தின் முதற்பெரும் பணி. உடக்குகள் ஆடிய இடத்திலே மனிதனே கிறித்துநாதராய் நடித்தான். பழைய அச்சம் நீங்கிற்று. பின்பு மன்றம் கூத்தைப் பயிற்றியது, பரதத்தையும் பயிற்றியது, கலைமுகம் என்னும் சஞ்சிகையை நடத்தியது, போர்க்காலத்து இடப்பெயர்வுகளினூடும் கலையைக் கைவிட்டிலது. சைவரும் கத்தோலிக்கரும் ஒரே அரங்கிலே நின்று ஆடும் வழக்கத்தை அது இயல்பாக்கிற்று. அடிகளார் 2021 இலே மறைந்தபோது இரங்கியோருட் சைவக் கலைஞரும் பலர்.

இத்தருணத்திலே தொடக்கத்தில் எழுப்பிய வேறுபாட்டுக்கு மீளுதல் வேண்டும். மூன்று நூற்றாண்டாகக் கோவில் முன்றிலிலே ஆடியவர் யாழ்ப்பாணத்துக் கத்தோலிக்கர். ஆலயத்தின் கதவு ஆடலுக்குத் திறந்தபோது உள்ளே சென்றது அவர்தம் கூத்தன்று. சென்னை வழியே வந்த பரதநாட்டியம். ஏன்? முன்னரே கூறியவாறு கூத்திலே ஆட்டம் அருகியிருந்தமை ஒரு காரணம். பாடத் தெரிந்த கூத்தனுக்குப் பவனியிலே ஆட ஆட்டம் எஞ்சியிருக்கவில்லை. கூத்தர் ஆண்கள், ஆரத்தித் தட்டு ஏந்துவோரோ பெண்பிள்ளைகள். இவ்விரண்டையும் கூறி நின்றுவிடுதல் நேர்மையன்று. கூத்து கரையோரத்து உழைப்பாளரின் கலையென்றும், பரதம் கல்வியும் மதிப்பும் உடையோரின் கலையென்றும் சமூகம் கொண்டிருந்த எண்ணத்துக்கும் இதிற் பங்குண்டு. பேராசிரியர் சு. வித்தியானந்தன் 1960 களிலே கர்ணன் போர், இராவணேசன் முதலிய கூத்துக்களைப் பல்கலைக்கழக மாணவரைக் கொண்டு மேடையேற்றி, கூத்தின்மேற் படிந்திருந்த இழிவைத் துடைத்தார். மன்னார்க் கத்தோலிக்க நாடகங்களைப் பதிப்பித்ததும் அவரே. எனினும் அவர் தந்த மதிப்பு கூத்தை அரங்குக்குக் கொண்டுசென்றதேயன்றிப் பீடத்தண்டைக்கு அன்று. தம் முன்றிலில் விளைந்ததை விட்டு, அயலார் கோவிலில் விளைந்ததை உள்ளே அழைத்தமையை யான் குறையாகக் கூறவில்லை. ஆயின் பண்பாட்டுமயமாக்கல் என்னும் பெருஞ்சொல் வழங்குமிடத்து, எவருடைய பண்பாடு என்ற வினாவை எழுப்புதல் வரலாற்று மாணவன் கடமை.

சைவப் பெற்றோரின் வினாவுக்கு வருவோம். இதற்கு மறுதலையான வினாவைப் பதினெட்டாம் நூற்றாண்டிலே கத்தோலிக்கரும் எதிர்நோக்கியதுண்டு. 1704 இலே புதுச்சேரியிலிருந்து கருதினால் தூர்னோன் விடுத்த கட்டளை, கிறித்தவராகிய வாத்தியக்காரர் இந்துக் கோவில் விழாக்களிலே வாசித்தலைத் தடுத்தது. வாசிப்பவன் கையிலுள்ளது தொழிலோ வழிபாடோ என்பதே அங்கு வழக்கு. வழிபாடே என்று அவர் தீர்த்தார். இன்று ஒரு சைவச் சிறுமி காணிக்கைப் பவனியில் ஆடும்போது அவள் செய்வது யாது? தூர்னோனின் அளவுகோலையே கொண்டால் அவள் வழிபடுகின்றாள். 1994 இன் நிபந்தனையும் அதையே கேட்கின்றது: செபமாயின் ஆடுக, காட்சியாயின் விடுக. ஆகவே, "அது வெறும் கலைதானே" என்று பெற்றோரைச் சமாதானப்படுத்தும் ஆசிரியர், தம்மையறியாமலே அப்பிள்ளையை ஆலயத்தின் சட்டத்துக்குப் புறம்பாக நிறுத்திவிடுகின்றார். ஆடச் சம்மதிக்கும் சைவப் பெற்றோர், பிள்ளை அங்கு வணங்குகின்றாள் என்பதை அறிந்தே சம்மதித்தல் வேண்டும். எம்மதத்துக் கடவுளாயினும் கைகூப்பல் தவறன்று என்று கருதுவோர்க்கு இதிலே தடையில்லை. அவ்வாறு கருதாதோர் மறுப்பதும் குற்றமன்று. இரண்டும் நேரிய நிலைகளே. மழுப்புதல் ஒன்றே தகாதது.

இன்னுமொன்று, ஆடுவோரே கூர்ந்து நோக்கத்தக்கது. பழைய கோவிலிலே தேவதாசி மூலத்தானத்தை நோக்கி ஆடினாள். மக்கள் பக்கத்தே நின்று கண்டனர். சென்னை மேடையிலே ஆடுபவள் மக்களை நோக்குகின்றாள். நடராசர் சிலை மேடையின் ஓரத்தே நிற்கும். கத்தோலிக்க ஆலயத்திலோ, சங்கத்துக்குப்பின் குருவானவரும் மக்களை நோக்கி நிற்பதனால், பீடத்தின் முன்னே மேடைப் பழக்கத்தின்படி மக்களை நோக்கி ஆடும் சிறுமி பீடத்துக்கும் குருவுக்கும் முதுகுகாட்டி நிற்க நேருகின்றது. பீடத்தை நோக்கினாலோ, தாயும் தந்தையும் ஆசிரியையும் மகளின் முகத்தைக் காண்பதில்லை. அபிநயம் எவர்க்கும் புலனாவதில்லை. அரங்கேற்றத்துக்குப் பழகிய கலை இவ்விடத்தே தடுமாறுகின்றது. நாற்புறமும் மக்கள் சூழ்ந்த பழைய வட்டக்களரியிலே இத்தடுமாற்றம் எழுந்திராது; அங்கே ஆடுவோனுக்கு முன்னுமில்லை, பின்னுமில்லை. தலைவாயிலிலிருந்து பீடம்வரை நடந்துகொண்டே ஆடும் பவனியில் மட்டும் சிறுமியர் முகம் பீடத்தை நோக்கி நிற்கின்றது. இருக்கைகளிலுள்ளோர் காண்பது அவர்தம் பின்னலும் பூச்சரமும் மாத்திரமே. நிழற்படம் எடுப்போர் அதனை விரும்புவதில்லை. பீடத்தண்டை முன்னே போய் நின்று திரும்பிப் பார்க்குமாறு பிள்ளைகளுக்குச் சைகை காட்டுவர்.